கூட்ட வாசலில் ஊதிக் காட்டினேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பஸ்சில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் கேட் சூப்பர்வைசர். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் என் முன்னால் கையைத் தூக்கி நிற்பார்கள். தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பிறகு வாயை ஊதச் சொல்வேன். சாராய வாடை வந்தால் உள்ளே விடமாட்டேன்.

என் வாயில் மட்டும் எப்போதும் ஏலக்காய் கிடக்கும்.

இன்று, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு முதல்முறையாகப் போனேன். சிவகாசியிலேயே ஒன்று நடக்கிறது. தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்று பயந்து விருதுநகருக்குப் போனேன்.

வாசலில் ஒருவர் கைகொடுக்க வந்தார். என்ன பழக்கமோ, இரண்டு கையையும் தூக்கி, அவர் முகத்துக்கு நேரே ஊதிவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு.

"அண்ணே, இங்கன செக்கிங்லாம் கிடையாது. சும்மா உள்ள வாங்க."

சிரித்தவன், போன வாரம் கேட்டில் எல்லோர் முன்னாலும் நான் திருப்பி அனுப்பிய ஆள். பெயர் சொல்லமாட்டேன், அங்கே அதுதான் வழக்கம்.

அப்படியே ஓடிவிடலாம் போலிருந்தது. அவன் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டான்.

"தெரிஞ்சவுக யாரும் இருக்கக் கூடாதுன்னுதாம்ணே நானும் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

கூட்டம் முடியும்வரை நான் தலை நிமிரவில்லை.

நாளைக் காலையில் அவன் கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்பான். முதலில் யார் ஊதுவது? நீங்களே சொல்லுங்கள்.