கதவுக்குள் தேங்கிய தண்ணீர்

பிரேக்கம்மா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டப் படித்தவர்கள்தான். அவள் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் கவனம் பிசகினாலும் அவள் கால் அதன் மேல் இறங்கும். கூடவே வாயும் திறக்கும். "ரோட்டைப் பாருங்க! என் மூஞ்சியிலயா ரோடு போகுது?" என்பாள். திட்டு வாங்கியவர்களே பிறகு தங்கள் மனைவியையும் மகளையும் அவளிடம் அனுப்பி வைத்தார்கள். அவளிடம் படித்தவர்கள் எங்கும் போய் முட்டுவதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

அவளுடையது சாம்பல் கலந்த நீல நிறக் கார். இன்னொருவரிடம் சம்பளத்துக்கு இருந்து, சலித்து, தனியாகத் தொழில் தொடங்கியபோது வாங்கியது. தினமும் காலையில் அவளே துடைப்பாள்.

மழை ஓய்ந்த ஒரு காலை அப்படித் துடைக்கும்போதுதான், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருப்பதைக் கண்டாள். நகத்தால் கீறினாள். பெயிண்ட் காய்ந்த சருகாக நொறுங்கியது. அதோடு சேர்ந்து கனமான எதுவோ ஒரு துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது. பின்னாலேயே பழுப்பு நிறத் தண்ணீர் வழிந்து அவள் செருப்பை நனைத்தது.

நேரே பெயிண்டரின் ஷெட்டுக்குப் போனாள். அவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கதவை விரலால் தட்டினார். மேலே டங் என்றது. கீழே டொக் என்றது.

"டீச்சர், கீழ இருக்கிறது தகரமே இல்ல, அவ்வளவும் காஞ்சு இறுகின பட்டிப் பசை. இடி வாங்கின கதவு இது. தட்டி நிமிர்த்தாம, பள்ளத்துல அப்படியே அப்பி, மேல ஸ்ப்ரே டப்பா அடிச்சிருக்காங்க."

"என் காரை யாரும் இடிக்கல."

"இடிச்சதை நான் பாக்கல. இடி வாங்கினதைப் பாக்கிறேன்." குனிந்து கதவின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி வெளிய போக இங்க ஓட்டைங்க இருக்கும். எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்காங்க. தண்ணி எங்க போகும்? உள்ளயே நின்னு தகரத்தைத் தின்னிருக்கு."

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பேக்கரிக்காரர். ஆள் நல்ல ஆகிருதி. அவர் அவளிடம் கார் ஓட்டப் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தக் கதவு சாத்தும்போது மந்தமாக ஒலிக்க ஆரம்பித்தது, கண்ணாடியும் பாதியில் சிக்கியது. ஒருநாள், காத்திருந்த மற்றவர்கள் முன்னால் அவள் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "கதவு என்ன உங்களுக்கு ஜென்மப் பகையா? கையா அது, உலக்கையா?" அவர் இறங்கிப் போனார். அதன்பின் வரவே இல்லை.

அதற்குச் சற்று முன், அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, வீடு மாற்றச் சாமான் ஏற்ற வேண்டும் என்று தம்பி காரை வாங்கிக்கொண்டு போயிருந்தான். "அலுங்காம கொண்டுவந்துட்டேன்க்கா" என்று சாவியைத் தலைமாட்டில் வைத்தான். அவளைத் தவிர அந்தக் காரைத் தனியாக எடுத்தவன் அவன் ஒருவன்தான்.

அன்று மாலை தம்பி வழக்கம்போல வந்து, அவள் கணவரோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். பெயர்ந்து விழுந்த பட்டித் துண்டை அவள் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

தம்பி அதைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தான். அந்தப் பார்வை போதும் அவளுக்கு.

"அவன் ஏங்க உங்களைப் பாக்கிறான்?"

மருந்துக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும் பதறாத மனிதர் அவள் கணவர். இப்போது தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "கேட் தூண்ல லேசா பட்டுடுச்சும்மா. எங்க கடை குடோன்ல வெச்சு நாங்க ரெண்டு பேருமே சரி பண்ணிட்டோம்."

"பட்டி வெச்சது யாரு?"

"நான்தான்."

"ஓட்டையை அடைச்சது?"

"ஓட்டையா இருந்தா தண்ணி ஏறி துருப்பிடிக்குமேன்னு..."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "ஏன் என்கிட்ட சொல்லல?"

தம்பி முணுமுணுத்தான். "உன் கோபத்துக்குப் பயந்துதான்க்கா."

"ஓ! அப்போ தப்பு என் கோபத்தோடது. தூண்ல போய் இடிச்சது என் கோபம். பட்டி அப்பினது என் கோபம். நீங்க ரெண்டு பேரும் பச்சப்புள்ளைங்க!" கணவர் பக்கம் திரும்பினாள். "அந்த பேக்கரிக்காரரை நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்திட்டு வந்து உங்ககிட்டதானே சொன்னேன்? மனசு கேக்கலன்னு சொன்னேன். என்ன சொன்னீங்க? 'விடும்மா, அவர் கை கொஞ்சம் முரட்டுக் கை'ன்னீங்க. எல்லாம் தெரிஞ்சுகிட்டே சொன்னீங்க."

தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். "உட்கார்றா. நாளைக்கு ரெண்டு பேரும் ஷெட்டுக்கு வர்றீங்க" என்றாள்.

வந்தார்கள். பெயிண்டர் உப்புத்தாளையும் தண்ணீர் வாளியையும் கொடுத்தார். பழைய பட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தம்பிக்கு விரல் சிவந்தது. "போதுமாக்கா?" என்று கேட்டான். "தகரம் தெரியுதா? தெரியல இல்ல? தேய்." கணவர் கேட்கவே இல்லை. சட்டையெல்லாம் சாம்பல் தூளாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது. வாயைத் திறந்து ஏதாவது சொன்னால்தான் என்ன?

பெயிண்டர் துரு தின்ற அடிப்பாகத்தை வெட்டி எடுத்தார். புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, ஓட்டைகளைத் திறந்து, துருவைத் தடுக்கும் பிரைமர் அடித்தார். பட்டி தேவைப்பட்ட இடத்தில் மட்டும், மெல்லிசாக. பிறகு நிறம். கார்க் கம்பெனியின் எண்படி கலந்ததைத் தகரத் துண்டில் அடித்து, காயவைத்து, வெயிலில் கதவோரம் பிடித்தார். நீலம் தூக்கலாக இருந்தது.

"புதுக் காருக்குத்தான் இந்த நம்பர் சரி. உங்க கார் வெயில்ல வெளுத்துப்போச்சு." ஒரு சொட்டுக் கருப்பு, இன்னொரு தகரம். கொஞ்சம் மஞ்சள், மறுபடி ஒரு தகரம். ஒருவழியாகத் தலையாட்டினார். "இதுவும் அச்சு அசலா இருக்காது. பக்கத்துப் பாகத்துக்கும் லேசா இழுத்து விட்டுடறேன். பாக்கிறவங்க கண்ணு ஏமாந்துடும்."

"ஏமாத்துறதா?" அவள் குரலில் ஷெட்டே திரும்பியது. "ஏமாந்தது போதும்! ஒட்டுப் போட்டது ஒட்டாவே தெரியட்டும்."

பெயிண்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்ப்ரே துப்பாக்கியைப் படாரென்று பலகையில் வைத்தார். "அழுகினதை வெட்டி எறிஞ்சு, உங்க கண்ணு முன்னாடி தகரம் வெச்சிருக்கேன். அவங்க பண்ணதும் நான் பண்றதும் ஒண்ணா டீச்சர்? வீட்டுச் சண்டையை என் வேலை மேல காட்டாதீங்க. இஷ்டம் இல்லன்னா வண்டியை எடுத்துட்டுப் போங்க!"

அவளை யாரும் அப்படித் திருப்பிக் கத்தி நாளாகியிருந்தது. புதுத் தகரம் வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அடிங்க" என்றாள்.

கார் கைக்கு வந்ததும் முதலில் பேக்கரிக்குப் போனாள். அவர் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை. "கதவு உங்களால கெடல. என் வீட்டு ஆளுங்க இடிச்சுட்டு மறைச்சிருக்காங்க. உங்களைத் திட்டினது அநியாயம்."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வேற இடத்துல கத்துக்கிட்டேன் டீச்சர். இப்பவும் எந்தக் கார்ல ஏறினாலும் கதவைப் பூ மாதிரிதான் சாத்துறேன். சரியா சாத்தலன்னு அதுக்கும் திட்டு வாங்குறேன்." ஒரு ரொட்டியை எடுத்து அடுக்கில் வைத்தார். "பரவாயில்லன்னு சொல்ல வாய் வரல."

"சொல்ல வேண்டாம். எனக்கா இருந்தாலும் வராது" என்றாள்.

தம்பிக்கு அதன்பின் சாவி கிடைக்கவில்லை. கேட்கும் தைரியமும் அவனுக்கு இல்லை. கணவரோடு வேண்டிய பேச்சு மட்டும்தான். பால் தீர்ந்தது, கதவைப் பூட்டியாச்சு என்கிற அளவில் அது ஓடியது.

ஒரு விடுமுறை நாள் அவள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரே நின்றார். கையில் அவளுடைய புதுச் சட்டை. முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு கருகலாகப் பதிந்திருந்தது.

"நான்தான் கருக்கிட்டேன். போன்ல பேசிட்டே பெட்டியை அது மேலயே வெச்சுட்டேன். மடிச்சு மத்த துணிக்கு அடியில வைக்கலாமான்னு பாத்தேன். வைக்கல."

அவள் எழுந்தாள். சட்டையில் ஆரம்பித்து, போனுக்குப் போய், குடோன், பட்டி, டம்ளரைத் திருப்பியது வரை ஒன்று விடாமல் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவர் சட்டையைப் பிடித்தபடியே நின்றார். தொண்டை வறண்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவர் நகராமல் அங்கேயே நின்றிருந்தார்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

"சொல்லு" என்றார்.