இருபத்திரண்டாம் பக்கத்து மஞ்சள் முக்கோணம்

எங்கள் வாரப் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறவனுக்குப் பூட்டு என்று பேர். வைத்தது நான்தான். பக்கத்து மேஜையில் பதினொரு வருஷமாகப் பிழை திருத்துகிறேன், அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி? அவன் மேஜை டிராயருக்கு ஒரு பூட்டு. உள்ளே இருக்கும் பென்சில் டப்பாவுக்கு இன்னொரு சின்னப் பூட்டு. நாற்காலியை யாராவது மாற்றிவிடுவார்கள் என்று அதன் காலில் மனைவியின் நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறான். "வெளிய கிளம்பினா கதவ நான்தான் பூட்டுவேன். தெருமுனை வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துட்டு வருவாருண்ணே," என்று அவன் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறாள். பாவம், அவள் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

வேலையிலும் அவனுக்குச் சந்தேகப்படக் காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நாம் பக்கத்தில் பார்க்கிற படம் உண்மையில் பக்கத்துக்குள் இல்லை. அது எல்லோருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரில் கிடக்கும். பக்கத்தில் இருப்பது அதன் விலாசம் மட்டும்தான், லிங்க் என்பார்கள். ஃபோல்டரில் இருக்கும் படத்தை யாராவது தொட்டால், பூட்டின் திரையில் படப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் முளைக்கும். அதை அழுத்தினால் புதுப் படம் பக்கத்துக்கு வந்துவிடும். போன வருஷம் ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற செய்திக்கு வைத்த படத்தின் மேலேயே, அதே பேரில், எவனோ ஓர் ஆட்டுப் படத்தைச் சேமித்துவிட்டான். பூட்டு முக்கோணத்தைப் பார்த்தான், அழுத்தினான், டீ குடிக்கப் போய்விட்டான். முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய மனிதரின் பேருக்கு மேலே கொம்போடு ஆடு வந்தது. பிழை திருத்தியவன் நான். எழுத்தைத்தான் பார்த்தேன், ஆட்டைப் பார்க்கவில்லை. ஆனால் திட்டு முழுவதும் அவனுக்கு. இன்னொரு தடவை நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஆசிரியர்.

அதிலிருந்து மஞ்சளைக் கண்டால் டீக்குக்கூட எழுந்திருக்க மாட்டான். போதாக்குறைக்குப் படம் திருத்த ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி. பக்கம் வடிவமைக்கவும் தெரியும் என்று முதல் நாளே வாயை விட்டுவிட்டாள். அவ்வளவுதான், தன் நாற்காலிக்கு அடிபோடுகிறாள் என்று பூட்டு முடிவு கட்டிவிட்டான். அவள் என்ன கேட்டாலும், "எதுக்கு?" என்பான். பத்து நாளில் அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த வாரம் இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு தையல்காரியின் கதை. அடிக்கிற புருஷனை விட்டுக் குழந்தையோடு வேறு ஊருக்கு வந்து, ஒரு கடையில் தைத்துப் பிழைக்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். முகமும் இடமும் தெரியக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேசினாள். அதனால் முதுகுப் பக்கமிருந்து எடுத்த படம். தையல் மெஷின், குனிந்த தலை, ஒரு ஜன்னல்.

பக்கங்கள் மூன்று மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். காலை பத்து மணிக்கு அந்தப் படத்தில் முக்கோணம் வந்தது. பூட்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த எதிர்க்கடைப் பலகை அழிந்திருந்தது. சரி, நியாயம்தான் என்று அழுத்தினான். பன்னிரண்டரைக்கு மறுபடியும் முக்கோணம்.

"பார்த்தியா?" என்று என் காதில் கிசுகிசுத்தான். "என்னைப் பழக்கறா. ரெண்டு தடவ நல்ல படம், மூணாவது தடவ ஆடு. நான் பாட்டுக்கு அழுத்துவேன், மாட்டுவேன்."

"போய்க் கேளேன் அவகிட்ட."

"கேட்டா உஷாராயிடுவா."

கேட்கவில்லை. மாறாக, பத்து மணிக்கு வந்த படத்தையே பக்கத்துக்குள் புதைத்துவிட்டான். எம்பெட் செய்வது என்று அதற்குப் பேர். அதன்பிறகு ஃபோல்டரில் யார் என்ன செய்தாலும் பக்கத்துக்கு வராது, முக்கோணமும் வராது. டிராயரைப் பூட்டுகிற மாதிரி ஒரு திருப்தி அவன் முகத்தில். பிறகு அந்தப் பெண்ணே வந்து கேட்டாள்.

"அண்ணே, இருபத்திரண்டுல படத்த அப்டேட் பண்ணிட்டீங்களா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவள் போனதும், "போட்டு வாங்கறா" என்று எனக்குக் கண்ணைக் காட்டினான். நானும் சிரித்தேன். அந்தப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று மணிக்கு அவள் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நாலரைக்கு அச்சகத்திலிருந்து போன், பேசியது அவள். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். படத்தின் ஓரத்தில், துணிகளுக்கு நடுவே, அளவு பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு கண்ணாடி. அதில் தையல்காரியின் முகம். பன்னிரண்டரைக்கு அந்தப் பெண் அழித்தது அதைத்தான். புதைத்த படத்தை எடுத்துவிட்டு ஃபோல்டரில் இருந்ததை வைத்துப் பக்கத்தை மறுபடியும் அச்சகத்துக்கு அனுப்பினான் பூட்டு. அச்சான தாள்களைக் கிழித்துப் போட்டார்கள். ஒரு பிரதிகூட வெளியே போகாததால் அவன் வேலை தப்பியது.

மறுநாள் காலை அவளிடம் போய் நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"தலைவலின்னது பொய்யா?"

"ஆமாண்ணே."

"எதுக்கு அச்சகத்துக்குப் போன?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க பேச்ச நம்பலண்ணே."

பூட்டு என்னிடம் திரும்பி வந்தான். முகம் சிவந்துவிட்டது. "பத்தொன்பது வருஷமா இங்க குப்பை கொட்டறேன். என்னை நம்பலையாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லவேளை நம்பல. உன்னையும் என்னையும் நம்பியிருந்தா அந்தத் தையல்காரி இன்னிக்குக் குழந்தையத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டிருப்பா."

தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தான். பிறகு எழுந்து மறுபடியும் அவளிடமே போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்தப் பழைய படம் இருந்தா காட்டும்மா. நான் சரியாப் பார்க்கல."

அவள் திறந்து, கண்ணாடி இருந்த மூலையைப் பெரிதாக்கினாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. தன் முதுகைத்தான் படம் எடுக்கிறார்கள் என்ற நம்பிக்கையில், தையல்காரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.