கண்டக்டர் சாரின் எட்டு லைட்

இன்று பையில் இரண்டும் இருந்தன. எட்டு ஸ்பாட் லைட்டும், அந்தச் சின்ன வெள்ளைக் கண்ட்ரோலரும்... அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பையைப் பிடித்திருந்தது கண்டக்டர் சார் இல்லை. அவருடைய மகள்.

"அப்பா தவறிட்டாங்கம்மா. நெஞ்சு வலி... நேத்துதான் காரியம் முடிஞ்சிது."

நான் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. சிதம்பரத்துக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். திருப்பாதிரிப்புலியூரில் நான் வேலை செய்யும் மாமாவின் லைட் கடைக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் முதல்முதலாக வந்தார்.

அவர் மனைவி மார்கழி முழுக்க வாசலில் பெரிய கோலம் போடுவாராம். அதன் மேல் கலர் மாறி மாறி விழ வேண்டும்.

"இத்தினி வருசத்துல அவ கோலத்துக்கு நான் ஒரு புள்ளி வச்சது இல்ல. லைட்டாவது வைக்கிறேன்" என்றார்.

கலரை மாற்றும் கண்ட்ரோலரையும் எட்டு லைட்டையும் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

நாலு நாளில் திரும்பி வந்தார். சட்டைப் பையில் ஒரே ஒரு லைட். "மேடம், உங்க லைட்டுக்குச் சிதம்பரம் தண்ணி ஒத்துக்கல போலக்குது."

என்னைப் போய் மேடம் என்பார். எனக்குப் பதினேழு வயது, பத்தாவதோடு நின்றவள்.

பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் தொட்டுக் காட்டினேன். சிவப்பு, பச்சை, நீலம்... மூன்றும் எரிந்தன. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த தடவை கண்ட்ரோலரை மட்டும் கொண்டு வந்தார். கடையில் தொங்கும் எல்.இ.டி. பட்டையில் மாட்டினேன். அதுவும் வேலை செய்தது.

"ரெண்டையும் சேத்து எடுத்துட்டு வாங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் அவர் மாமாவிடம் ஏதோ பஸ் கதையை ஆரம்பித்துவிட்டார்.

எரிச்சலாக வந்தது. டிக்கெட் ஒரு நாளும் ஆள் ஒரு நாளும் வந்தால் நீங்கள் பஸ்ஸில் ஏற்றுவீர்களா என்று கேட்கத் தோன்றியது.

அன்று சாயந்தரம் லைட் தட்டுகளை அடுக்கும்போதுதான் தெரிந்தது.

எங்களிடம் இந்த லைட் இரண்டு தினுசு. ஒன்றில் கறுப்பு ஒயர் பிளஸ்ஸுக்குப் போகும், இன்னொன்றில் மைனஸுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ட்ரோலர். மாற்றிப் போட்டால் கெட்டும் போகாது, எரியவும் எரியாது. சும்மா இருக்கும்.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதனால் மைனஸ் தினுசுக்கு நான் ரப்பர் பேண்ட் சுற்றி வைப்பேன்.

தீபாவளிக் கூட்டத்தில் சீரியல் செட் கட்ட ரப்பர் பேண்ட் தீர்ந்துபோனது. அடையாளத்துக்குப் போட்டதையே உருவிக் கட்டினேன்... அப்புறம் தட்டு மாறிப் போனது எனக்குத் தெரியவில்லை.

அவர் லைட்டும் நல்ல லைட். கண்ட்ரோலரும் நல்ல கண்ட்ரோலர். ஒன்றுக்கொன்று சேராது, அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை நல்ல மழையில் வந்தார். மறுபடியும் ஒரே ஒரு லைட், பிளாஸ்டிக் கவரில் சுற்றி.

மாமா கல்லாவில் இருந்தபடியே சொன்னார். "சார், டெஸ்ட் பண்ணிதான் குடுத்தோம். உங்க வீட்டு ஒயரிங்லதான் ஏதோ லூசு. ஒரு எலெக்ட்ரீசியன கூப்ட்டுப் பாருங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம் என்ன சொல்றீங்க?"

எனக்குத் தெரியும். மாமா முன்னால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"தெரியல சார்" என்றேன்.

"அப்ப நாந்தான் சரியா மாட்டல. பரவால்ல, மார்கழிக்கு நாள் இருக்கு" என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

என் மேல்தான் ஆத்திரமாக இருக்கிறது. மாமா மேலும். அவர் மேலும்... ஒரே ஒரு தடவை இரண்டையும் சேர்த்துக் கொண்டு வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க வேண்டாம். மாட்டியதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

"இந்த வருசம் அம்மா கோலம் போடாது. வேற யாருக்காச்சும் ஆவும், கடையிலயே குடுத்துடுன்னுச்சு" என்று மகள் பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அக்கா..."

சத்தமாகவே வந்துவிட்டது. கடையில் எல்லாரும் பார்த்தார்கள்.

"லைட்ட மாத்திக் குடுத்தது நாந்தான் அக்கா. சார் சரியாத்தான் மாட்டியிருக்காரு."

மாமா கல்லாவை விட்டு எழுந்தார். "ஏம்மா, இத்தினி நாளு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

மகள் அவரைக் கவனிக்கவில்லை. "தெனம் சாயந்தரம் கழட்டிக் கழட்டி மாட்டுவாரு. முப்பது வருசம் விசில் ஊதுன ஆளுக்கு ஒயரப் பத்தி என்னா தெரியும்னு அம்மா கிண்டல் பண்ணும்... சரியாத்தான் மாட்டுனாரா?"

"ஆமாக்கா."

மகள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சரியான தட்டிலிருந்து எட்டு எடுத்தேன். சாருடைய கண்ட்ரோலரிலேயே ஒவ்வொன்றாக மாட்டினேன். எட்டும் எரிந்தன. பச்சையில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன்.

ரப்பர் பேண்ட் போடவில்லை. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு ஒயர்த் துண்டை முறுக்கிவிட்டேன்.

"அம்மாகிட்ட குடுங்கக்கா. அடுத்த மார்கழிக்கு ஆவும்."

போயிட்டு வாங்க கண்டக்டர் சார். லைட்டையும் கண்ட்ரோலரையும் ஒரே பையில் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.