நீச்சல் தெரியுமா?

இதைப் படித்துவிட்டுக் கதை விடுகிறான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1964இல் சிதம்பரம் ரஃபியுதீனுக்கு நடந்தது இது. அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன். அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

கடலூர் துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் கம்பெனி. படகில் போய்ச் சரக்கைச் சரிபார்க்கும் குமாஸ்தா வேலை, ஒரே ஒரு இடம். சிதம்பரத்தில் எழுத்துப் பரீட்சை, அப்புறம் டைப்பிங். இருநூறு பேரில் மிஞ்சியது ரஃபியுதீனும் கீரப்பாளையம் சின்னையனும்தான். ரஃபியுதீனின் வாப்பா மௌத்தாகி இரண்டு வருஷம். தங்கை ஜெய்னப்பின் நிக்காஹ் இந்த வேலையை நம்பித்தான் பேசி முடிக்கப்பட்டிருந்தது. எதைக் கேட்டாலும் தெரியும் என்றே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு கடைசிப் பேட்டிக்காகக் கடலூருக்கு ரயில் ஏறினார்.

மதியம் சரியாக 3.10. உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேர் இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். மேஜைக் கோடியில் நாலாவதாக ஒருவர், குனிந்த தலை நிமிராமல் இருந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. அவர் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

சொட்... சொட்... சொட்...

அவர் மட்டும் தமிழில் கேட்டார்.

"நீச்சல் தெரியுமா தம்பி?"

ரஃபியுதீன் குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

"தெரியுங்க."

மற்ற மூவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு ரஃபியுதீனையே பார்த்தார்கள். நாலாமவர் மெல்லத் தலையைத் தூக்கினார்... கண் இமைக்கவேயில்லை.

பத்தாம் நாள் ஆர்டர் வந்தது. சேரப் போன அன்று காலை 9.20க்குத் தலைமைக் குமாஸ்தா பழனிவேல் ரிஜிஸ்டரை நீட்டினார். பேனாவைத் திறந்துகொண்டே, நீச்சல் பற்றிக் கேட்டவர் யார் என்று ரஃபியுதீன் விசாரித்தார். பழனிவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மூணு பேருதானப்பா பேட்டி எடுத்தாங்க. அவுரு... சட்ட நனஞ்சிருந்துச்சா?"

முன்பு இதே வேலையில் இருந்த அந்தோணிசாமி படகிலிருந்து தவறி விழுந்தாராம். நீச்சல் தெரிந்தவர் யாராவது வாங்க என்று கத்திக்கொண்டே முங்கினாராம். அன்று கடல் இருந்த இருப்பில் யாரும் குதிக்கத் துணியவில்லை.

ரஃபியுதீன் பேனாவை மூடினார். நிக்காஹ் நின்றுபோகும் என்று தெரிந்துதான் மூடினார்.

அந்த இடத்துக்குச் சின்னையனை எடுத்தார்கள். அவரிடம் போய்ச் சொன்னால் பைத்தியம் என்பாரோ என்று வெட்கம். ரஃபியுதீன் சொல்லவில்லை. அந்தப் பாவம் இன்னும் அவரை அரிக்கிறது.

சின்னையன் வேலையில் சேர்ந்த பதினோராம் நாள், காலை 10.05. கடலில் அலையே இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்த சின்னையன் படகிலிருந்து தானாகவே குதித்தார்.

பிணம்கூடக் கிடைக்கவில்லை.

குதிக்கும் முன், வெறும் தண்ணீரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாராம்...

"தோ வரேங்க."