மேப்பிள் கட்டையும் ஒரு துண்டுத் தாளும்

ஆர்வோ கங்காஸுக்குத் தொழில் பல் கட்டுவது. எங்கள் மார்க்வெட் ஊரில் வயசான வாய்களில் பாதி, அவன் செய்த பல்லால்தான் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடிக்கிறது. ஓய்வு நேரத்தில் லாரி பொம்மைகளுக்குச் சஸ்பென்ஷன் செய்வான். பொம்மை என்று நான் எழுதியது தெரிந்தால் என் கீழ்வரிசைப் பல் செட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வான். மாதிரி என்று சொல்ல வேண்டுமாம். நிஜ லாரியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

கடைப் பெட்டியில் வரும் சஸ்பென்ஷன் அவனுக்கு ஆகாது. மரம் ஏற்றும் வண்டிக்கும் பால் வண்டிக்கும் ஒரே அடிப்பாகத்தைப் போட்டு விற்பார்கள். "உன் மாமியாருக்குச் செஞ்ச பல்லை உனக்கு மாட்டி விட்டா ஒத்துக்குவியா?" என்று கடைக்காரனிடம் சண்டைக்கு நிற்பான். அதனால் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. பழைய கடிகாரச் சுருளை வெட்டி வில் பட்டைகள். கிடார் கம்பியை வளைத்து யூ போல்ட். மிச்சமெல்லாம் பல் செட்டுக்கு ஊற்றும் அதே பிசின். எங்கள் மாதிரி லாரிச் சங்கத்து லாரி எதை வேண்டுமானாலும் சுரண்டிப் பாருங்கள், கறுப்பு பெயிண்டுக்கு அடியில் ஈறு மாதிரி ரோஸாக இருக்கும்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனுடைய தாளைத்தான் பொறுக்க முடியாது. வருஷா வருஷம் லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் எங்கள் போட்டி நடக்கும். அடிப்பாகம் தெரியும்படி ஒவ்வொரு லாரியையும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின்மேல் நிறுத்துவோம். ஆர்வோ தலைமை நடுவராக வந்து, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தாளில் ஒரு துண்டைக் கிழித்து ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் செருகிப் பார்ப்பான். தாள் நுழைந்தால் சக்கரம் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். வண்டி அவுட். விதியை எழுதியவனும் அவனே. "எந்த நிஜ லாரியாவது ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு நிக்குமா? அது என்ன, நாயா?" என்பான். என் வண்டிகள் மூன்றை அந்தத் தாளால் கொன்றிருக்கிறான். வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போன வருஷம் டோரீன் ட்ரெம்பாத் அங்கே வந்தாள். காட்டிலிருந்து மரம் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் சொந்த லாரிக்காரி. போட்டிக்காக வரவில்லை, சர்ச்சில் விற்கும் பேஸ்டிக்காக வந்தாள். தின்றுகொண்டே, ஆர்வோ போட்டிக்கு இல்லாமல் காட்சிக்கு வைத்திருந்த லாரிக்கு முன்னால் நின்றாள்.

"இது யாரு வண்டி?"

"யாரு வண்டியும் இல்ல. கம்பெனி வரைபடப்படி செஞ்சது. ஒரு நூல் பிசகாது."

"அதான பாத்தேன். யாரும் ஓட்டாத வண்டி. அழகான பொம்மை." சொல்லிவிட்டு விரலை நக்கினாள்.

ஆர்வோவின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் அந்த வார்த்தையை நேருக்கு நேர் சொன்னதில்லை.

"உன் வண்டியச் செஞ்சு இதே மேசைல வைக்கிறேன். பாத்துட்டு நீயே 'இது என் வண்டி'ன்னு சொல்லுவ. சொல்லலன்னா அதத் தின்னுடுறேன்!"

"தின்னு. பல்லு செட்டுதான் உங்கிட்ட நிறைய கிடக்கே."

அவனுக்கு நடுவர் பதவி, போட்டி எல்லாம் மறந்துபோயிற்று. அந்த மூணு வார்த்தையை அவள் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பனிக்காலம் முழுக்க, டோரீன் வேலை முடிந்து வந்ததும் அவள் முற்றத்தில் லாரிக்கு அடியில் கிடந்தான். பல் டாக்டர் கண்ணாடியை விட்டு மூலைமுடுக்கெல்லாம் பார்த்தான். பல் அச்செடுக்கும் பசையை அப்பி, பட்டை தொங்கும் கொக்கிக்கு அச்செடுத்தான். நான் டார்ச் பிடிக்கப் போய் என் முதுகு உறைந்தது.

பின்பக்கம், இடது பட்டை இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. ஆக்சிலுக்கும் சேஸ் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை அடித்து இறுக்கி, சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது.

"டோரீன்! இது என்ன?"

"மேப்பிள்."

"இது சஸ்பென்ஷனா, அடுப்புல வைக்கிற விறகா?"

"பட்டை ஒடிஞ்சுது, காட்டுல கட்டைதான் கெடைச்சுது. ஓடுதுல்ல? வாய மூடிட்டு அளந்துட்டுப் போ."

அளந்தான். அளந்ததையே மறுபடி அளந்தான். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து 'உச்' கொட்டும் சத்தம் வரும். டோரீன் காபி கொண்டுவந்து அவன் பூட்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டு, "என் புருஷன்கூட இவ்வளவு நாள் இங்க தங்கினதில்ல" என்பாள். அவனுக்குக் காது சிவக்கும். நான் பார்த்தேன்.

மாதிரியைச் செய்து முடித்தபோது தலைவலி ஆரம்பித்தது. கட்டைக்கு முன்னால் இருந்த சக்கரம் தரையைத் தொடவில்லை. பட்டைகளைப் பிரித்து மறுபடி செய்தான். தொடவில்லை. புதிதாகவே செய்தான். அப்போதும் தொடவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறன்று என்னையும் இழுத்துக்கொண்டு சர்ச்சிலிருந்து நேராக டோரீன் வீட்டுக்குப் போய், நிஜ லாரியின் அதே சக்கரத்துக்கு அடியில் ஜெபத்தாளைச் செருகினான். தாள் தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. கட்டை பட்டையைவிட உயரம், வண்டியின் அந்த மூலையையே தூக்கிவிட்டிருந்தது. லோடு இல்லாதபோது அந்தச் சக்கரம் ஒரு விரல் அளவு அந்தரத்தில் தொங்கியது.

"நிஜ லாரியே அவுட்டு!" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காதடா டெல்."

"கட்டைய மயிரிழை தேய்ச்சு விட்டுடு. சக்கரம் உக்காந்துரும். யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்" என்றான். தேய்க்கவில்லை.

இந்த வருஷம் ஆர்வோ போட்டியாளன் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. ஜெபத்தாளைக் கிழித்துக்கொண்டு போனேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். தாள் சுலபமாக நுழைந்தது. "அவுட்" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் சண்டைக்கு வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டோரீன் வந்தாள், கையில் பேஸ்டியோடு. குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தின்பதை நிறுத்தினாள்.

"ஆர்வோ... இது என் வண்டி இல்லியேய்யா."

நான் அவனுடைய எதிரியாக இருந்து பழகியவன். எனக்கே அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எது தப்பு? எதுன்னு சொல்லு."

"தப்பெல்லாம் இல்ல. போன செவ்வாக்கெழம பட்டைய மாத்திட்டேன், புதுசா. கட்டைய எடுத்தாச்சு. நீ அடியில படுத்து உச்சு உச்சுன்னு கொட்டினதுல எனக்கு வெக்கமாப் போச்சு. இங்க வந்து ஊரே கண்ணாடி வச்சு என் வண்டி அடியப் பாக்குமேன்னு..."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்யா!"

ஆர்வோ நல்ல பேண்ட்டோடு வெளியே ஓடினான். சேறும் பனியுமாகக் கிடந்த இடத்தில் மண்டியிட்டு, அவள் லாரிச் சக்கரத்துக்கு அடியில் தாளைச் செருகினான். நுழையவில்லை. இடுக்கில் மாட்டிக் கிழிந்தது. அவன் எழுந்திருக்காமல் அப்படியே இருந்தான். ஒரு பனிக்காலம் முழுக்க முதுகு வலிக்க உண்மையைத் தேடி, கடைசியில் போன வாரத்து லாரியைச் செய்து வைத்திருந்தான் மடையன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டோரீன் கேபினில் ஏறி, சீட்டுக்குப் பின்னாலிருந்து அந்த மேப்பிள் கட்டையை இழுத்துப் போட்டாள். பின்னாலேயே ஜாக்கியும் வந்து விழுந்தது.

"எந்திரி. பத்து நிமிஷம் குடு, திரும்பவும் உள்ள அடிச்சுடறேன்."

"பைத்தியமா உனக்கு? புதுப் பட்டையக் கழட்டவா?"

"என் வண்டி. என் இஷ்டம்."

"வேணாம் டோரீன். பட்டைதான் சரி. அந்தக் கட்டையோட இத்தன நாள் நீ உசிரோட இருந்ததே பெருசு."

அவள் ஜாக்கியைப் போட்டுவிட்டுக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குள் போனாள். பாதிரியார் வழியை விட்டு ஒதுங்கினார். மாதிரி லாரிக்குப் பக்கத்தில் மேசை அதிரக் கட்டையை வைத்தாள். நடுவர் என்று நான் வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பிடுங்கி, பெரியதையும் சின்னதையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிய கட்டையின் ஓரத்தில் கோடாலி தவறி விழுந்த கோணல் வெட்டு ஒன்று இருந்தது. விரல் நுனி அளவு இருந்த அந்தச் சின்னக் கட்டையிலும் அதே ஓரத்தில் அதே கோணல் வெட்டு.

"இந்த வெட்டு... கால உடைச்சுக்கப் பாத்தேன் அன்னிக்கு. மழை வேற. ஆளு யாரும் இல்ல." பேஸ்டி ஒட்டிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இது என் வண்டிதான்யா."

ஆர்வோ என் பக்கம் திரும்பினான். "கேட்டியாடா?"

"கேட்டேன்."

"சரி. தாளக் குடு. உனக்குச் செருகவே தெரியல."

என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். அங்கே ஒரு சிமெண்ட் லாரி நின்றிருந்தது. அதன் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவன் குனிந்து தாளைச் செருகப் பார்த்தான். கண் டோரீன் பக்கமே இருந்ததில் தாள் மடங்கி மடங்கி வெளியே வந்தது. அந்த வண்டி பாஸாகிவிட்டது.