பிள்ளைக்குத் தெரியக் கூடாது

எங்கள் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் முதலில் டாக்டருக்குத் தெரியும். பிறகு வீட்டாருக்கு, சம்பந்தி வீட்டுக்கு, பால்காரருக்கு, பாபநாசம் பஸ்ஸில் வருகிற பாதிப் பேருக்கு. நோய் வந்தவருக்கு மட்டும் கடைசி வரை தெரியாது. என் மாமனார், வயிற்றில் வெறும் புண் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நம்புகிற மாதிரி நடித்தாரோ என்னவோ, கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. அந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் என் கணவர். விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே ஓய்வு பெற்றவர். அவர் ரகசியம் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

போன வருஷம் எங்கள் நாய்க்கு மடிக்காம்பு ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது.

சாதாரண நாட்டு நாய்தான், செவலைப் பெட்டை. ஒரு மழைக்கு வந்து வாசலில் ஒதுங்கியது. “நாய் உள்ள கால் வச்சா நான் வெளிய போயிருவேன்” என்றார் இவர். மாதம் திரும்புவதற்குள் நாய் ஃபேனுக்குக் கீழே கட்டிலில், இவர் தரையில் பாயில். பெயர் எல்லாம் வைக்கவில்லை, ‘பிள்ளை’ என்பார். நான் பெற்ற இரண்டு பையன்களை ‘லே’ என்பதைத் தாண்டி அவர் எதுவும் கூப்பிட்டதில்லை.

உண்ணி என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகுதான் திருநெல்வேலி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வேன் பிடித்தோம். சதை எடுத்துச் சோதித்தார்கள், படம் பிடித்தார்கள். அடுத்த முறை போனபோது அந்த இளம் டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல், “கேன்சர்தான். நுரையீரலுக்கும் போயிருக்கு” என்றார்.

இவர் விருட்டென்று எழுந்தார். “டாக்டரம்மா, கொஞ்சம் வெளிய வந்து பேசுவமா? பிள்ளைக்கு முன்னால வேண்டாம்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள். இவர் ரகசியமாகக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எனக்கும் நாய்க்கும் ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார். அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. கேட்டால், வாய்வு. நாய்க்கு வாய்வு.

மில்லில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் பிரட் பாக்கெட்டும் சாத்துக்குடியுமாகச் சீக்கு பார்க்க வந்தார். “மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிடும் வே” என்று வாசலிலேயே பாடம் நடந்தது. அந்த மனிதர் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நாய் முன்னால் போய் நின்றார். தெரிந்த ஆள் இப்படிப் பல்லைக் காட்டி அது பார்த்ததில்லை; உறுமியது. “ஒண்ணுமில்ல தாயி, சுக்குக் கசாயம் குடிச்சாச் சரியாப் போயிரும்” என்று பின்பக்கமாகவே நகர்ந்து போனார். சாத்துக்குடியை நாங்கள் சாறு பிழிந்து குடித்தோம்.

ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து நாத்தனார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். நாயின் விலா எலும்பைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். “அது முன்னால அழாத” என்று தங்கையை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார் அண்ணன்காரர். அங்கே அழுகை நின்ற மறு நிமிஷம், “நாய்க்கு இவ்வளவு பாக்குதான், எனக்கு ஒரு வருஷம் பொங்கப்படிச் சீர் ஒழுங்காக் குடுத்திருக்கானா மதினி?” என்றாள். நியாயமான கேள்வி.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அந்த நாய் உயிர். ஆளுக்கொரு விதம், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை முடிந்ததும் அது சாப்பாட்டை விட்டது. கண்டால் உயிரையே விடும் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டும். கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கும்; கண் சொருகும், சாயும், திடுக்கிட்டு மறுபடி எழும்பி உட்காரும். ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார். நான் அந்தப் பேச்சை எடுத்தாலே இவர், “சும்மா இரு, கேட்டுரும்” என்பார். நாய் எந்நேரமும் அவர் காலடியில்தான் இருக்கும். அதனால் அந்தப் பேச்சைப் பேசவே முடியாது. அது அவருக்கு வசதியாக இருந்தது. நாய்க்குத்தான் மூச்சு கிடைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. நாய்க்கு முன்னாலேயே சொன்னேன்: “அதுக்கு எல்லாம் தெரியும். ஒங்க அப்பாவுக்கும் தெரியும். நீங்க பயந்துக்கிட்டு அவர வாயத் தொறக்க விடல, அவ்வளவுதான்.”

மறுநாள் காலையில் வேனுக்கு அவரே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும், “வெளிய போய்ப் பேசுவோமா சார்?” என்று தானாகவே கேட்டார்.

“வேண்டாம். இங்கனயே பேசுவோம்” என்றார் இவர்.

பிறகு மேசைப் பக்கம் குனிந்து, நாயின் முகத்துக்கு நேராக, மில் சத்தத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார். “ஏ பிள்ள, வாய்வுன்னு சொன்னதெல்லாம் பொய். ஒனக்கு வந்திருக்கது புத்து. நெஞ்சுக்குப் போயிட்டு, இனிமே சரியாவாது. இப்ப டாக்டரம்மா ஊசி போடுவாவ. நீ தூங்கிருவ. நான் இங்கனதான் நிப்பேன்.”

வெளியே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாய் அவர் உள்ளங்கையில் தாடையை வைத்தது. பிஸ்கட் கேட்கும்போதும் அது அப்படித்தான் வைக்கும். புரிந்துகொண்டது என்று நான் கதை கட்டத் தயாரில்லை. டாக்டரம்மா ஊசி போடும்போதும் அவர் கையை எடுக்காமல் நின்றார். அது போய்விட்டது. நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பும்போது நாயை அவருடைய பழைய வேட்டி ஒன்றில் சுற்றி வேனில் எங்கள் காலடியில் கிடத்தியிருந்தோம். சேரன்மகாதேவி தாண்டியதும் நான், “எனக்கு எதுவும் வந்தா மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்” என்றேன்.

“சொல்லுதேன்” என்றார். வீரவநல்லூர் வரை குனிந்து நாயைச் சுற்றிய வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார். பிறகு, “எனக்கு வந்தா நீ சொல்லுவியா?” என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லுவேன் என்றேன். பொய்.