நிழலுக்கு நிழல் நடந்த ஞாயிறு

துபாய்ப் பக்கத்து அஜ்மானை நான் முழுக்க முழுக்கக் காலால் பார்த்தவள். ஊர் பார்க்க வேறு வழியே இல்லாதது மாதிரி என் வீட்டுக்காரர் அன்று என்னை நடக்கவைத்தார். வெயில் குறைந்த மாதம் என்று சொல்லித்தான் விசிட் விசாவில் வரவழைத்திருந்தார். குறைந்த வெயிலே அப்படியென்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம்.

உண்மையில் நான் ஊர் சுற்ற வரவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடலாமா, இல்லை அரியலூரிலேயே இருந்துவிடலாமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வந்தேன். ஷார்ஜா முவைலாவில் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் லீவு. "இந்த ஞாயிறு உங்க ரூமைக் காட்டுங்க" என்று வந்த அன்றே சொல்லிவைத்தேன். ஒரு மனுஷன் தங்கும் இடத்தைப் பார்த்தால் அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக வாசலில் வந்து நின்றார். அஜ்மானில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், "ரூமுக்கு அப்புறம் போலாம், முதல்ல கடலைப் பாரு" என்றார். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அடுத்து மீன் மார்க்கெட். வாங்கிப்போய்ச் சமைக்க வழியில்லை, வஞ்சிரத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம். அப்புறம் மரப்படகுகள் கட்டி நிற்கும் இடம். அப்புறம் பழைய கோட்டை, அதுவும் வெளியிலிருந்தே. நடுவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து, ஏசியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தோம். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. செருப்புக்குள் கால் வழுக்கியது.

"எப்பங்க ரூமு?"

"போலாம், போலாம். இந்தப் பக்கம் நிழலா இருக்கும், இப்படி வா."

அவர் சொன்ன பக்கமெல்லாம் நிழல் இருந்தது. எந்தச் சந்தில் காற்று வரும், எந்த மசூதி வாசலில் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும், எந்த பஸ் ஸ்டாப்பில் ஏசி ஓடும் என்பதெல்லாம் மனுஷனுக்கு அத்துப்படி. எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தால் பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும். எங்கே என்று கேட்டால், "சும்மா வெளிய சுத்திக்கிட்டிருக்கேன்" என்பார். நான் ஒண்டியாளாக வீட்டோடு மல்லுக்கட்டுகிறேன், இவருக்கு ஊர் சுற்றல் கேட்கிறதா என்று போனை வைத்துவிட்டு முணுமுணுப்பேன். இப்போது ரூமைக் காட்டாமல் இழுத்தடிக்கவும் வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. சந்தேகம் வந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

மதியம் ஒரு மலையாளி ஹோட்டலில் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்தும் எழுந்துகொள்ள மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். இடத்துக்கு ஆள் வந்து நின்றதும் கிளம்பினோம். மறுபடியும் நடை. கடற்கரைச் சாலையில் ஒரு பெஞ்சைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே ஒரு எட்டு வைக்க மாட்டேன். ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்ல, அங்க யாரு இருக்காங்கன்னு சொல்லுங்க."

சொன்னபிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பப் போக முடியாது. அவரு தூங்கிட்டிருப்பாரு."

"எவரு?"

"பேக்கரில நைட் டூட்டி பாக்குறவரு. திருநெல்வேலிப் பக்கம். எனக்கும் அவருக்கும் ஒரே கட்டில், வாடகையில ஆளுக்குப் பாதி. பகல்ல நான் சைட்டுக்குப் போயிருவேன், அவரு தூங்குவாரு. ராத்திரி அவரு கெளம்புனதும் நான் படுப்பேன், விடியறதுக்குள்ள வந்து எழுப்பிருவாரு."

"ஞாயித்துக்கிழமை?"

"அவருக்கு ஞாயிறு லீவு கெடையாது. இருட்டுனப்புறம்தான் எந்திரிப்பாரு. அதுவரைக்கும் நான் இப்படி வெளியதான்."

"இது எப்பலேருந்து?"

"பாப்பா ஒண்ணாவது சேந்தாள்ல, அப்பலேருந்து. இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா?"

எங்கள் மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து கூடவே நடக்கிறேன், கண்கள் அத்தனை சிவந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இந்த ஊருக்குக் குடிவரும் பேச்சு எனக்குள் அந்த பெஞ்சிலேயே முடிந்துபோனது.

"கேன்சல் பண்ணிட்டு வந்துருங்க" என்றேன். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"வந்து அங்க என்ன செய்ய?"

"முதல்ல தூங்குங்க. பகல்லயும் தூங்குங்க. யாரும் எழுப்ப மாட்டோம்."

அவர் என் பக்கம் திரும்பி, விளையாட்டாக இல்லாமல், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.